உங்கள் லைப்ரரிக்கு எந்த லைசென்ஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஒரு லைப்ரரி (மற்றவர்கள் தங்கள் நிரலுக்குள் வைத்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) எழுதி, எல்லோரும் பார்த்து, மாற்றி, பகிரும்படி ஓப்பன் சோர்ஸாக வெளியிடப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கோட் எழுதுகிறவன், அடுத்தவர்கள் எழுதிய லைப்ரரிகளை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன். பெரிய பணமோ ஒப்பந்தமோ சம்பந்தப்பட்டிருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

லைசென்ஸே போடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? நிரல்தான் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி இருக்கிறதே?

பார்க்கலாம், அவ்வளவுதான். எழுதிய அந்த நிமிடமே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, எங்கேயும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் வைத்திருக்கிறது (கவிதையும் உங்கள் ஃபார் லூப்பும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்). எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 வருடமும் அந்த உரிமை செல்லும். நீங்கள் எழுத்தில் அனுமதி கொடுக்காதவரை வேறு யாரும் அதை எடுத்துத் தன் புராஜெக்டில் போடவோ மாற்றவோ விநியோகிக்கவோ முடியாது. கிட்ஹப்பின் விதிமுறைகள் மற்ற பயனர்களுக்குக் கொடுப்பது பார்ப்பதற்கும் அந்தத் தளத்துக்குள் ஃபோர்க் செய்வதற்கும் (தனக்கென ஒரு பிரதி எடுத்துக்கொள்வதற்கும்) உள்ள அனுமதி மட்டுமே.

கவலைப்படாமல் எடுத்துக்கொள்கிறவர்கள் எப்படியும் எடுத்துக்கொள்வார்கள், அது வேறு. ஒழுங்காக நடக்க நினைக்கிறவர்கள்தான் லைசென்ஸ் இல்லாத லைப்ரரியைத் தொடாமல் போவார்கள். உங்களுக்கு வேண்டியவர்களே அவர்கள்தான்.

ஆப்புக்கும் லைப்ரரிக்கும் லைசென்ஸில் அப்படி என்ன வித்தியாசம்?

எல்லா வித்தியாசமும் இங்கேதான். ஆப்பை வாங்கியவர் அதை ஓட்டுகிறார், கதை முடிந்தது. லைப்ரரியை எடுத்தவரோ அதைத் தன் நிரலுக்குள் வைத்துக் கட்டி, அந்த மொத்த மூட்டையையும் வேறொருவருக்குக் கொடுக்கிறார், அவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார். உங்கள் லைப்ரரி அடுத்த வீட்டு அடுப்பில் வேகப்போகிற சரக்கு. அதனால் "எனக்கு எந்த லைசென்ஸ் பிடிக்கும்" என்று ஆரம்பிக்காமல், "யார் என் லைப்ரரியைத் தங்கள் நிரலுக்குள் வைக்க வேண்டும், யார் வைக்காவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை" என்று ஆரம்பியுங்கள். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி லைசென்ஸ்கள் தாமாகவே கழன்றுவிடும்.

அதெல்லாம் சரி, படிக்க நேரமில்லை. ஒன்று சொல்லுங்கள், போட்டுவிட்டுப் போகிறேன்.

அப்பாச்சி 2.0. லைப்ரரி ரொம்பச் சின்னது, 200 வரிக்கு மேல் போகாது என்றால் எம்ஐடி. "யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும், ஆனால் என் ஃபைல்களில் செய்த திருத்தம் மட்டும் வெளியே வரவேண்டும்" என்பது உங்கள் ஆசையானால் எம்பிஎல் 2.0 (மூன்றும் லைசென்ஸ்களின் பெயர்கள், விவரம் கீழே வரும்). இந்த மூன்றைத் தாண்டி வேறு ஒன்றுக்குப் போவதானால் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று: நீங்கள் எழுதுவது ஏற்கெனவே ஒரு பழக்கம் ஊறிப்போன இடத்துக்கான லைப்ரரி என்றால் அந்த ஊர்ப் பழக்கத்தையே பின்பற்றுங்கள். ரஸ்ட் என்ற நிரல்மொழியின் உலகில் எம்ஐடி, அப்பாச்சி இரண்டையும் சேர்த்துப் போட்டு "விருப்பப்பட்டதை எடுத்துக்கொள்" என்பார்கள். அங்கே போய் நீங்கள் மட்டும் வேறு ஒன்றைப் போட்டால் ஏன் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே நேரம் போய்விடும்.

எம்ஐடி லைசென்ஸ் என்றால் "எதை வேண்டுமானாலும் செய்துகொள்" என்றுதானே அர்த்தம்?

ஏறக்குறைய. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது, பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. மேலே உங்கள் பெயரும் வருடமும் உள்ள பதிப்புரிமை வரி, கீழே மூன்று பத்தி. முதல் பத்தி அனுமதி: பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். இரண்டாவது ஒரே ஒரு வாக்கியம்: இந்தப் பதிப்புரிமை வரியும் இந்த அனுமதியும் எல்லா நகல்களிலும் இருக்க வேண்டும். மூன்றாவது, முழுக்கப் பெரிய எழுத்தில், "ஏதாவது வெடித்தால் நான் பொறுப்பில்லை".

உங்கள் போனில் செட்டிங்ஸைத் திறந்து 'போனைப் பற்றி' என்ற இடத்துக்குப் போய், சட்டத் தகவல், ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்கள் என்று உள்ளே இறங்கிப் பாருங்கள். விரல் வலிக்கும் வரை தள்ளினாலும் முடியாத ஒரு பட்டியல் வரும், ஒரே மாதிரி பத்திகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெயர். எம்ஐடி, பிஎஸ்டி போன்ற லைசென்ஸ்களின் அந்த ஒரு நிபந்தனையை நிறைவேற்றத்தான் அந்தப் பக்கமே இருக்கிறது.

பிஎஸ்டியும் இதே குடும்பம். அதன் பழைய வடிவத்தில், மென்பொருளின் அம்சங்களைச் சொல்லும் விளம்பரங்களிலெல்லாம் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட வேண்டும் என்று ஒரு ஷரத்து இருந்தது. அதைப் பார்த்து ஆளாளுக்குத் தங்கள் பெயரைச் சேர்க்க ஆரம்பித்து, ஒரு விளம்பரத்தில் எத்தனை பெயர்தான் போடுவது என்ற நிலைமை வந்தது. 1999-ல் பல்கலைக்கழகமே அதை நீக்கிவிட்டது. இன்று மூன்று ஷரத்து அல்லது இரண்டு ஷரத்து பிஎஸ்டியை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

அப்பாச்சி ஏன் அவ்வளவு நீளம்? பேட்டன்ட் எல்லாம் எனக்கெதற்கு, நான் என்ன பெரிய கம்பெனியா?

பேட்டன்ட் உங்களிடம் இருக்காது. உங்களுக்கு புல் ரிக்வெஸ்ட் (தான் எழுதிய மாற்றத்தைச் சேர்க்கும்படி கோரிக்கை) அனுப்புகிறவரின் கம்பெனியிடம் இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் ஆள் உங்கள் லைப்ரரிக்கு ஒரு நல்ல அல்காரிதம் எழுதிக் கொடுக்கிறார், எல்லோரும் பயன்படுத்த ஆரம்பிக்கிறார்கள், பிறகு அதே நிறுவனம் "அது எங்கள் பேட்டன்ட், பணம் கட்டு" என்று வந்தால்? எம்ஐடியில் பேட்டன்ட் என்ற சொல்லே இல்லை. அப்பாச்சி 2.0-ல், 2004-ல் வந்தது அது, பங்களித்த ஒவ்வொருவரும் தன் பங்களிப்புக்குப் பொருந்தும் பேட்டன்ட் அனுமதியையும் சேர்த்தே கொடுத்ததாக ஆகிறது. அந்த மென்பொருளே தன் பேட்டன்டை மீறுகிறது என்று எவராவது வழக்குப் போட்டால், அதில் அவருக்குக் கிடைத்த பேட்டன்ட் அனுமதி அன்றோடு போய்விடும்.

இந்தியச் சட்டத்தில் வெறும் கணினி நிரலுக்குப் பேட்டன்ட் கிடையாது, பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் உங்கள் லைப்ரரி இந்தியாவுக்குள்ளேயே நிற்கப்போவதில்லையே.

இதில் ரியாக்ட் என்ற, இணையப் பக்கங்களின் இடைமுகம் செய்யும் லைப்ரரியின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஃபேஸ்புக் ரியாக்ட்டை பிஎஸ்டி லைசென்ஸோடு தானே எழுதிய ஒரு பேட்டன்ட் ஷரத்தையும் சேர்த்து வெளியிட்டிருந்தது: நீங்கள் ஃபேஸ்புக் மேல் ஏதாவது ஒரு பேட்டன்ட் வழக்குப் போட்டால், அது ரியாக்ட்டோடு சம்பந்தமே இல்லாததாக இருந்தாலும், ரியாக்ட்டுக்கான பேட்டன்ட் அனுமதி போய்விடும். 2017 ஜூலையில் அப்பாச்சி லைசென்ஸை வெளியிட்ட அப்பாச்சி அறக்கட்டளை தன் புராஜெக்டுகளில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. செப்டம்பரில் இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ரியாக்ட்டை விட்டு விலகுவதாக அறிவித்தது. அதே மாதம் ஃபேஸ்புக் இறங்கிவந்து ரியாக்ட்டை எம்ஐடிக்கு மாற்றியது. அவ்வளவு பெரிய கம்பெனியின், அவ்வளவு புகழ்பெற்ற லைப்ரரிக்கே இந்தக் கதி என்றால், நமது சொந்தக் கைச்சரக்கு ஷரத்துகளை யார் சீண்டுவார்கள்?

அப்பாச்சியின் நீளத்தில் நமக்குப் பயன்படும் இன்னொன்றும் இருக்கிறது, ஐந்தாவது பிரிவு: வேறு மாதிரி சொல்லாதவரை உங்களுக்கு வரும் பங்களிப்பு எல்லாம் இதே லைசென்ஸில் வந்ததாகவே கொள்ளப்படும். தனியாகக் கையெழுத்து வாங்கும் வேலை மிச்சம். பலர் தடுமாறுவது நோட்டீஸ் என்ற ஃபைலில். அது கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் வைத்தால், உங்கள் லைப்ரரியை விநியோகிப்பவர்கள் அதிலுள்ள அறிவிப்புகளையும் சுமந்துகொண்டு போக வேண்டும், ஆகவே சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் வைக்காதீர்கள்.

ஜிபிஎல் போட்டால் யாருமே தொடமாட்டார்கள் என்கிறார்களே?

யார் தொடமாட்டார்கள் என்று கேளுங்கள். ஜிபிஎல் லைப்ரரியைத் தன் நிரலோடு இணைத்து வெளியே கொடுக்கிறவர், அந்த மொத்த நிரலையும் ஜிபிஎல் விதிப்படியே, மூலத்தோடு (சோர்ஸ் கோடோடு) கொடுக்க வேண்டும் என்பதுதான் அதை எழுதியவர்களின் நிலைப்பாடு. மூடிய மென்பொருள் விற்கிற கம்பெனி இதற்குச் சம்மதிக்காது. மற்ற ஜிபிஎல் புராஜெக்டுகளுக்கு ஒரு சிக்கலும் இல்லை.

சில சமயம் இது அழகாக வேலை செய்திருக்கிறது. டெர்மினலில் வரியைத் திருத்தவும் பழைய கட்டளைகளை மேல் அம்பு அழுத்தி வரவழைக்கவும் உதவும் ரீட்லைன் என்ற குனூ லைப்ரரி முழு ஜிபிஎல். 1990-களின் தொடக்கத்தில் க்ளிஸ்ப் என்ற லிஸ்ப் மொழிச் செயலியை எழுதியவர் ரீட்லைனைப் பயன்படுத்த ஆசைப்பட்டு, குனூ திட்டத்தைத் தொடங்கி ஜிபிஎல்லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மனோடு மெயிலில் வாதாடி, கடைசியில் க்ளிஸ்ப்பையே ஜிபிஎல் ஆக்கினார். ஸ்டால்மன் இன்றுவரை சொல்லும் வெற்றிக் கதை அது. ஆனால் அதே ரீட்லைனுக்கு மாற்றாக பிஎஸ்டி லைசென்ஸில் லிப்எடிட் வந்ததும், பலர் அதற்குத் தாவியதும் கதையின் மறுபாதி.

ஆக கணக்கு இதுதான்: உங்கள் லைப்ரரி செய்வதை வேறு எதுவும் செய்யாது என்றால் ஜிபிஎல்லுக்குப் பேரம் பேசும் பலம் உண்டு. வீடியோவை எச்.264 என்ற வடிவத்தில் சுருக்கும் எக்ஸ்264 அப்படிப்பட்டது, ஜிபிஎல் பிடிக்காதவர்கள் காசு கொடுத்து வணிக லைசென்ஸ் வாங்குகிறார்கள். தேதியை வடிவமைக்கிற லைப்ரரிக்கு அந்தப் பலம் கிடையாது, இன்னொன்று பத்து நிமிடத்தில் கிடைக்கும்.

பைதான் மொழியில் க்யூட்டி என்ற கருவித்தொகுப்பை வைத்துத் திரை இடைமுகம் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டையும் இணைக்கும் பைக்யூட்டி லைப்ரரி ஜிபிஎல் அல்லது வணிக லைசென்ஸ். க்யூட்டியை அப்போது வைத்திருந்த நோக்கியா, எல்ஜிபிஎல்லில் (கொஞ்சம் தளர்ந்த ஜிபிஎல், அடுத்த கேள்வியில் வருகிறது) ஒன்று வேண்டும் என்று கேட்டு உடன்பாடு ஏற்படாததால், 2009-ல் பைசைட் என்று தனியாகவே எழுதி வெளியிட்டது. இன்று க்யூட்டியின் அதிகாரபூர்வ பைதான் லைப்ரரி அதுதான்.

எல்ஜிபிஎல் லைப்ரரிகளுக்காகவே எழுதப்பட்டதுதானே? அதைப் போடலாமே?

பெயரே முதலில் 'லைப்ரரி ஜிபிஎல்' என்றுதான் இருந்தது. 1999-ல் 2.1 வந்தபோது 'லெஸ்ஸர்' ஆனது. கருத்து நல்ல கருத்துதான்: மூடிய ஆப் கூட இந்த லைப்ரரியைப் பயன்படுத்தலாம், ஆனால் லைப்ரரியில் செய்த மாற்றங்களை வெளியிட வேண்டும், கூடவே ஆப்பை வாங்கியவர் லைப்ரரியின் திருத்திய வடிவத்தைப் பொருத்தி ஓட்டிப் பார்க்கவும் வழி இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் சிக்கல். லைப்ரரி தனி டிஎல்எல் ஃபைலாகவோ டாட் எஸ்ஓ ஃபைலாகவோ இருந்தால் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கலாம், பிரச்சினை இல்லை. கோ, ரஸ்ட் போல எல்லாவற்றையும் ஒரே பைனரியில் (ஓடும் ஃபைலில்) அரைத்துத் தருகிற மொழியிலோ, ஜாவாஸ்கிரிப்டை ஒரே பண்டிலாகச் சுருட்டுகிற இடத்திலோ அதை எப்படிச் செய்வது? ஆப்ஜெக்ட் ஃபைல்களை (ஒன்றாக இணைப்பதற்கு முந்தைய துண்டுகளை) கொடுத்தால் விதி நிறைவேறும் என்பார்கள். உண்மைதான், ஆனால் யாரும் அந்த வேலையில் இறங்குவதில்லை, வேறு லைப்ரரிக்குப் போய்விடுகிறார்கள்.

பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி எழுத்துக் குறியாக்கத்தைக் கண்டுபிடிக்க சார்டெட் என்ற லைப்ரரியை நம்பியிருந்தது, சார்டெட் அப்போது எல்ஜிபிஎல். ரிக்வெஸ்ட்ஸோ அப்பாச்சி. பைதானில் இது உண்மையிலேயே சிக்கலா இல்லையா என்று மணிக்கணக்கில் வாதாடலாம். வாதாடாமல், 2021 ஜூலையில் 2.26 வெளியீட்டில் எம்ஐடி லைசென்ஸுள்ள சார்செட்-நார்மலைசருக்கு மாறிவிட்டார்கள்.

நான் பார்த்தவரை பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் நடப்பதும் இதேதான். ரிலீஸுக்கு முன்னால் ஒரு ஸ்கேன் ஓடும், எக்ஸெல்லில் ரிப்போர்ட் வரும்: லைப்ரரி பெயர், வெர்ஷன், லைசென்ஸ், கடைசி நெடுவரிசையில் ஒரு நிறம். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சிக்குப் பச்சை. எல்ஜிபிஎல்லுக்கு மஞ்சள், அதாவது சட்டப் பிரிவுக்கு ஒரு மெயில், மூன்று நினைவூட்டல், ஒரு மீட்டிங். வெள்ளிக்கிழமை ரிலீஸ் வைத்திருக்கிற டெவலப்பர் மஞ்சளுக்கு மெயில் போட மாட்டார், பச்சையாக இன்னொன்றைத் தேடுவார். அவர் செய்வது நியாயமா என்பது வேறு, ஆனால் நீங்கள் லைசென்ஸ் போடுவது அந்த ஆளையும் மனதில் வைத்துத்தான்.

சி, சி++ல் எழுதி, தனி ஃபைலாக நிற்கிற, எடை கூடிய லைப்ரரி என்றால் எல்ஜிபிஎல் இன்றும் நல்ல தேர்வுதான். வீடியோ, ஆடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் இயல்பாக எல்ஜிபிஎல் 2.1, உலகமே பயன்படுத்துகிறது. ஆனால் அதையே எக்ஸ்264-ஐச் சேர்த்து பில்டு செய்தால் மொத்தமும் ஜிபிஎல் ஆகிவிடும், இது தெரியாமல் பில்டு செய்து ஆப்பில் போடுகிறவர்கள் நிறைய.

எம்பிஎல் 2.0 பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லையே?

பேச வேண்டியது அதைத்தான். மோசில்லா 2012-ல் வெளியிட்டது. இதில் கோடு கிழித்திருப்பது ஃபைல் அளவில். உங்கள் ஃபைலைத் திருத்தி விநியோகித்தால் அந்த ஃபைலின் மூலத்தைக் கொடுக்க வேண்டும், பக்கத்தில் அவர்கள் புதிதாக எழுதிய ஃபைல் அவர்கள் பாடு. ஸ்டாட்டிக் லிங்க்கா (லைப்ரரியை உள்ளேயே அரைப்பது) டைனமிக் லிங்க்கா (தனி ஃபைலாக வைப்பது) என்ற பஞ்சாயத்தே இல்லை. பேட்டன்ட் அனுமதி உண்டு, ஜிபிஎல் குடும்பத்தோடும் ஒத்துப்போகும். எல்ஜிபிஎல் கேட்டு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு உண்மையில் வேண்டியது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

கம்பெனிகள் என் உழைப்பை வைத்துக் காசு பார்க்கக் கூடாது. "வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை" என்று ஒரு வரி சேர்த்துவிடலாமா?

சேர்க்கலாம், உங்கள் நிரல், உங்கள் இஷ்டம். ஆனால் அதற்குப் பிறகு அதை ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லாதீர்கள். ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பின் வரையறையில் உள்ள பத்து நிபந்தனைகளில் ஒன்று, எந்தத் துறையிலும் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது என்பது. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகளை வெளியிடுகிறவர்கள் சேர்க்க மாட்டார்கள்.

நல்லெண்ணத்தில் சேர்த்த வரியும் இப்படித்தான் முடியும். ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் பரப்பிய டக்ளஸ் கிராக்ஃபோர்ட் தன் நிரலுக்கு எம்ஐடி லைசென்ஸை எடுத்து ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தார்: இதை நல்லதற்கே பயன்படுத்த வேண்டும், கெட்டதற்குப் பயன்படுத்தக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எது கெட்டது என்று யார் முடிவு செய்வது? டெபியன் ஏற்கவில்லை, ஃபெடோரா ஏற்கவில்லை, 2016-ல் அப்பாச்சி அறக்கட்டளையும் கதவைச் சாத்தியது. ஒரு வாக்கியம் சேர்த்ததற்கே இந்தப் பாடு.

காசுதான் குறி என்றால் இரட்டை லைசென்ஸ் இருக்கிறது: ஏஜிபிஎல் (ஜிபிஎல்லைவிட இறுக்கமானது, அடுத்த கேள்வியில் வருகிறது) ஒரு பக்கம், பணம் கட்டினால் வணிக லைசென்ஸ் மறுபக்கம். பிடிஎஃப் உருவாக்கும் ஐடெக்ஸ்ட் 2009-ல் ஐந்தாவது வெர்ஷனிலிருந்து இப்படி மாறியது, பிடிக்காதவர்கள் பழைய நான்காவது வெர்ஷனின் வழியில் ஓப்பன்பிடிஎஃப் என்று தனியே நடத்துகிறார்கள். இதற்கு மொத்தப் பதிப்புரிமையும் உங்கள் கையில் இருக்க வேண்டும், அதாவது பங்களிக்கிற ஒவ்வொருவரிடமும் ஒப்பந்தம் வாங்க வேண்டும். தனி ஆளாக வார இறுதியில் செய்கிற காரியம் இல்லை.

ஏஜிபிஎல் என்றால் என்ன, ஜிபிஎல்தானே?

ஜிபிஎல் 3-ஓடு கூடுதலாக ஒரு பிரிவு. மென்பொருளை யாருக்கும் கொடுக்காமல் சர்வரில் மட்டும் ஓட்டினால் ஜிபிஎல் ஒன்றும் கேட்காது. ஏஜிபிஎல் கேட்கும்: நீங்கள் திருத்தி ஓட்டினால், நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கும் மூலம் கிடைக்க வேண்டும். கூகுள் தன் ஊழியர்களுக்கு ஏஜிபிஎல் நிரலைப் பயன்படுத்தவே கூடாது என்று வெளிப்படையாகவே விதி வைத்திருக்கிறது. முழு சர்வர் மென்பொருளுக்கு இது நல்ல கவசம். சின்ன லைப்ரரிக்கு, வாசலிலேயே பூட்டு.

நான் வேறு லைப்ரரிகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். அவற்றின் லைசென்ஸ் என்னைக் கட்டுப்படுத்துமா?

கட்டாயம். சமையலறையில் இருப்பதைப் பார்க்காமல் மெனு எழுதக் கூடாது. 2021 மார்ச்சில் ரூபி மொழியின் உலகத்தில் நடந்தது: மைம்மேஜிக் என்று ஒரு குட்டி ஜெம் (ரூபி லைப்ரரி), ஃபைல் என்ன வகை என்று சொல்லும், லைசென்ஸ் எம்ஐடி. அதற்குள் ஃபைல் வகைகளைப் பட்டியலிடும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இருந்தது. அது ஜிபிஎல் லைசென்ஸுள்ள வேறொரு புராஜெக்டிலிருந்து வந்தது என்று அந்தப் புராஜெக்டின் பராமரிப்பாளர் சுட்டிக்காட்டினார். ஜெம்மின் பராமரிப்பாளர் பழைய வெர்ஷன்களை எல்லாம் விலக்கிவிட்டு ஜிபிஎல்லில் புதியது போட்டார். ரூபியில் இணையதளம் கட்ட உதவும் ரெயில்ஸ் அந்த ஜெம்மை மறைமுகமாக நம்பியிருந்தது, ஆகவே உலகம் முழுக்க ரெயில்ஸ் பில்டுகள் ஒரே நாளில் படுத்தன. ஒரு வரி நிரல்கூட இல்லை, வெறும் எக்ஸ்எம்எல்.

பொதுவாக நினைவில் வைக்க: எம்ஐடி, பிஎஸ்டியை எதற்குள்ளும் வைக்கலாம். அப்பாச்சி 2.0-ஐ ஜிபிஎல் 3-க்குள் வைக்கலாம், 'ஜிபிஎல் 2 மட்டும்' என்று இருப்பதற்குள் வைக்க முடியாது. ரஸ்ட்காரர்கள் இரண்டு லைசென்ஸ் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜிபிஎல் லைப்ரரியை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே எம்ஐடி போர்டு மாட்டினால், உங்கள் வரிகள் மட்டும் எம்ஐடி, மொத்தமாக எடுத்துப்போகிறவர் ஜிபிஎல்லுக்குக் கட்டுப்பட்டவர்.

என்னுடையது தமிழ்ச் சொல் திருத்தி. நிரல் என்னுடையது, சொற்பட்டியல் விக்சனரியிலிருந்து எடுத்தேன். என்ன செய்வது?

நிரலுக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். தமிழ் விக்சனரியின் உள்ளடக்கம் கிரியேட்டிவ் காமன்ஸின் 'பெயர் குறிப்பிடு, அதேபோல் பகிர்' லைசென்ஸில் இருக்கிறது. விளக்கங்களும் எடுத்துக்காட்டுகளுமாக அள்ளிக்கொண்டு வந்து லைப்ரரிக்குள் வைத்து, எல்லாவற்றுக்கும் மேல் எம்ஐடி என்று எழுதினால் உங்களுக்கு இல்லாத உரிமையைத் தானம் செய்கிறீர்கள். தரவைத் தனி ஃபோல்டரில், அதன் லைசென்ஸோடும் எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடும் வையுங்கள். முடிந்தால் தனி பேக்கேஜாகவே ஆக்குங்கள், நிரல் மட்டும் வேண்டியவர் அதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். அதே போல இணையத்தில் கிடைத்த அகராதி பிடிஎஃப்பைச் சுரண்டி எடுத்த பட்டியல் என்றால், அதன் பதிப்பாளர் யார், உரிமை யாரிடம் என்று பார்க்காமல் ரிப்போவில் (நிரல் கிடங்கில்) ஏற்றவே வேண்டாம்.

நிரலுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் போடாதீர்கள், மென்பொருளுக்கு இது வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். தமிழுக்கான சொல் திருத்தி, ஒலிபெயர்ப்பு, சந்திப் பிழை பார்ப்பது போன்றவை பிரவுசரிலும் போன் கீபோர்டிலும் அலுவலக மென்பொருளிலும் போய் உட்கார வேண்டியவை, ஆகவே இறுக்கமான லைசென்ஸ் வேண்டாம் என்பது என் கட்சி. ஓப்பன்-தமிழ் பைதான் லைப்ரரி எம்ஐடியில்தான் இருக்கிறது. சொல் திருத்தும் லைப்ரரியான ஹன்ஸ்பெல் ஜிபிஎல், எல்ஜிபிஎல், எம்பிஎல் என மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வைத்ததால்தான் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், குரோம் மூன்றிலும் இருக்கிறது.

ஐடி கம்பெனியில் இருக்கிறேன். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதியது என்னுடையதுதானே?

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள், இப்போதே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் முதலாளிதான். வீட்டில், சொந்த லேப்டாப்பில், வேலைக்குச் சம்பந்தமில்லாமல் எழுதியது என்றால் சட்டம் உங்கள் பக்கம் சாயும். ஆனால் "வேலையில் இருக்கும் காலத்தில் உருவாக்கும் எல்லாமே கம்பெனிக்கு" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கலாம். இருந்தால், மேனேஜரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டது போதாது, மெயிலில் சம்மதம் வாங்கி வையுங்கள். உரிமை உங்களிடம் இல்லையென்றால் நீங்கள் போடும் லைசென்ஸுக்கு மதிப்பே இல்லை.

இப்போதைக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, பின்னால் மாற்றிக்கொள்ளலாமா?

நீங்கள் மட்டுமே எழுதியிருக்கும் வரை எப்போது வேண்டுமானாலும். ஏற்கெனவே வெளியிட்ட வெர்ஷன்கள் பழைய லைசென்ஸிலேயே இருக்கும், புதியது புதிய லைசென்ஸில். முதல் வெளியாள் புல் ரிக்வெஸ்ட் அனுப்பி நீங்கள் மெர்ஜ் பட்டனை அழுத்திய பிறகு கதை வேறு, அந்த வரிகளுக்கு உரிமையாளர் அவர்.

விஎல்சி பிளேயரின் உள்ளே இருக்கும் லிப்விஎல்சியை ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற 2011, 2012-ல் அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் புரியும். 200-க்கும் மேற்பட்ட டெவலப்பர்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கினார்கள், மெயில் முகவரி செத்துப்போனவர்களையும் வேலை மாறிப்போனவர்களையும் சேர்த்து. இணையத் தகவலை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி லைசென்ஸை மாற்ற 2017-ல் எல்லோருக்கும் மெயில் போட்டு, பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம் என்ற மாதிரி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டது. புதிய லைசென்ஸான அப்பாச்சி 2.0-ல் அதன் வெர்ஷன் 3.0 வெளிவந்தது 2021 செப்டம்பரில்.

தளர்வாக இருந்து இறுக்கமாக மாறுவது சட்டப்படி எளிது, நம்பிக்கை போகும். ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் 2024 மார்ச்சில் பிஎஸ்டியை விட்டதும் அதே மாதம் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற ஃபோர்க் (பிரிந்து தனியே வளரும் பிரதி) கிளம்பிவிட்டது. 2025 மே மாதம் ரெடிஸ் ஏஜிபிஎல்லையும் சேர்த்துக்கொண்டு ஓப்பன் சோர்ஸுக்குத் திரும்பினாலும், போனவர்கள் போனவர்கள்தான்.

பதிப்புரிமையைத் துறந்து பொதுவெளிக்கே விட்டுவிடுகிறேன், லைசென்ஸே வேண்டாம் என்று எழுதலாமா?

எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள லைப்ரரி அப்படித்தான் இருக்கிறது, அதற்காகப் பங்களிப்பவர்களிடம் எழுதி வாங்குகிறார்கள், அப்படியும் மன நிம்மதிக்குக் காகிதம் கேட்கும் கம்பெனிகளுக்கு அதைக் காசுக்கு விற்கவும் செய்கிறார்கள். எல்லா நாட்டிலும் பதிப்புரிமையைத் துறப்பது ஒரே மாதிரி இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸின் பொதுவெளி வாசகமான சிசி0 ஓரளவு இதைச் சமாளிக்கிறது, ஆனால் பேட்டன்ட் உரிமையைக் கொடுக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்வதால் ஃபெடோரா 2022-ல் நிரலுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது. எம்ஐடி போட்டுவிட்டுப் போங்கள்.

ஏஐயிடம் கேட்டு எழுதிய பகுதிகளுக்கு?

மனிதர் எழுதாததற்குப் பதிப்புரிமை இல்லை என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலை. உரிமையே இல்லாத வரிகளுக்கு லைசென்ஸ் போடுவதில் அர்த்தம் குறைவு, அதிலும் காப்பிலெஃப்ட் (மாற்றியதையும் அதே விதியில் திறந்து தரச் சொல்லும் ஜிபிஎல் வகை லைசென்ஸ்) போட்டு மிரட்ட முடியாது. அதைவிட, வெளியே வந்தது எங்காவது உள்ள ஜிபிஎல் ஃபைலின் நகலாக இருந்துவிடக் கூடாது. நீளமான, பரிச்சயமான வாடையுள்ள ஃபங்ஷன் வந்தால் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

முடிவு செய்தாயிற்று. எங்கே, எப்படிப் போடுவது?

ரிப்போவின் மேல்மட்டத்தில் லைசென்ஸ் என்ற பெயரில் ஒரு ஃபைல், அதில் முழு வாசகம், ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல். எம்ஐடியானால் வருடத்தையும் பெயரையும் நிரப்புங்கள், சதுர அடைப்புக்குறிக்குள் 'பெயர்' என்றே விட்டுவைத்த ரிப்போக்கள் ஏராளம். பேக்கேஜ் விவரம் எழுதும் ஃபைலிலும் அதே லைசென்ஸின் எஸ்பிடிஎக்ஸ் குறியீட்டை (லைசென்ஸுக்கான நிலையான சுருக்கப் பெயரை) போடுங்கள், ஸ்கேன் கருவிகள் முதலில் பார்ப்பது அதைத்தான். ஜிபிஎல் குடும்பம் என்றால் 'மட்டும்' அல்லது 'அல்லது அதற்குப் பின் வந்தது' என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் வேறுவேறாக இருந்தால் ரிப்போர்ட்டில் நேராகச் சிவப்பு.

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்கான என்பிஎம்மில் ஒரு பொறி: 'அன்லைசென்ஸ்' என்பது பொதுவெளிக்கு விடும் ஒரு வாசகம், 'அன்லைசென்ஸ்டு' என்று போட்டால் யாருக்கும் எந்த உரிமையும் தரவில்லை என்று பொருள்.

யாராவது மீறினால் என்ன செய்ய முடியும்? நீதிமன்றத்தில் இதெல்லாம் நிற்குமா?

நிற்கும். 2008-ல் அமெரிக்க ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொம்மை ரயில்களை இயக்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் வழக்கில், இலவசமாகக் கொடுத்த நிரல் என்றாலும் லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் பதிப்புரிமை மீறலாகவே வழக்குத் தொடரலாம் என்று சொல்லிவிட்டது.

ஆனால் பெரும்பாலான மீறல்கள் சோம்பேறித்தனத்தில் வருபவை. முதல் மெயிலில் வக்கீல் பாஷை வேண்டாம். எந்த ஆப், எந்த வெர்ஷன், அதில் உங்கள் எந்த ஃபைல் இருக்கிறது, எந்த வரி விடுபட்டிருக்கிறது, எங்கே சேர்த்தால் போதும் என்று எழுதுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎல் 3-ல் முதல் முறை தவறியவர் உங்கள் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமை திரும்பக் கிடைத்துவிடும். எம்ஐடியில் அப்படித் தவணை எதுவும் எழுதியில்லை, நீங்களாகவே ஒரு மாதம் கொடுங்கள்.